வெரோனிக்கா ரீச்சரின் வகுப்பில் வலை விரிந்த விதம்

வெரோனிக்கா ரீச்சர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவள் அவருடைய பழைய மாணவி தனுசிகா. காலை நேரம். கல்லடியில் என் வீட்டுக் கிணற்றடியில் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் மகள்தான் தொலைபேசியைக் கொண்டுவந்து என் காதில் பிடித்தாள். "சேர், ரீச்சர் போயிட்டாங்க" என்றாள் தனுசிகா. எந்த ரீச்சர் என்று நான் கேட்கவில்லை. நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்தத் தேவாலயத்தில், பழுகாமத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் ஒழுங்கு செய்தாயிற்றா என்று வரிசையாகக் கேட்டேன். அவளும் வரிசையாகப் பதில் சொன்னாள். வாளியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது உறைத்தது. திரும்ப அழைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது முடியும்வரை தொலைபேசியை வைக்காமல் காதில் பிடித்திருந்தேன்.

ரீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் என்னைக் கேட்டார்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் பாடசாலையில் இருந்தார்கள். ஆனால் பழுகாமத்தில் பிரதி அதிபராக இருந்த காலம் முழுவதும் அவரோடு ஒரே பஸ்ஸில் போய் வந்தவன் நான் என்பதை அவர்கள் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டார்கள். அவர் மட்டக்களப்பு நகரில் ஏறுவார். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து, கல்லடியில் நான் ஏறும்வரை காப்பாற்றி வைத்திருப்பார். பட்டிருப்புப் பாலம் தாண்டும்வரை பேசுவார். பெரும்பாலும் அவர்தான் பேசுவார், நான் கேட்பேன். ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும், நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். என் நினைவில் சந்தேகம் வந்த இடங்களைத் தனுசிகாவிடம் கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

பலருக்கு அவரை நினைத்ததும் டெப்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊரவர்கள் கைக்கணினிகள் பத்தை ஒரு பெட்டியில் போட்டுப் பாடசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் அவற்றை டெப் என்றே சொன்னார்கள், பிறகு நாங்களும். யார் பொறுப்பெடுப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தோம். விஞ்ஞான ஆசிரியர் பாடத்திட்டம் முடியவில்லை என்றார். கணித ஆசிரியர் தன் கைத்தொலைபேசியே தனக்குப் புரியவில்லை என்றார். தரம் ஐந்தின் வகுப்பாசிரியையான வெரோனிக்கா ரீச்சர், "எனக்கும் ஒண்டும் விளங்காது. எண்டாலும் புள்ளையளுக்கு விளங்கும்தானே. என்னட்டத் தாங்க" என்றார். அன்று மாலை பஸ்ஸில் ஒரு டெப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதை எழுப்புகிற பொத்தானைத் தேடினார். கண்டுபிடிக்கும்போது ஆரையம்பதி வந்துவிட்டது.

அந்த டெப்களில் ஏற்கெனவே நிறையச் செயலிகள் இருந்தன. பெரும்பாலானவை வினாடி வினா விளையாட்டுகள். சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் விழும், பிழையென்றால் வேறொன்றைத் தொடலாம். பிள்ளைகள் யோசியாமலே நான்கு விடைகளையும் மாறி மாறித் தட்டி நட்சத்திரம் சேர்ப்பதை ரீச்சர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். நான் பதறிப்போனேன். கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடு போட்டு அனுப்பியதை அழிக்கலாமா என்று கேட்டேன். "சேர், பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு வீட்டில டிவி இருக்கு. இது செய்யிறதுக்கு" என்றார். மூன்று செயலிகளை மட்டும் விட்டுவைத்தார். ஒன்று படம் வரைவது. ஒன்று குரலைப் பதிவது. மற்றையது, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த நிழற்படங்களைச் சேர்த்து அசையும் படமாக ஓட்டுவது. "மூண்டு காணும். மிச்சத்துக்குக் கை இருக்கு, வாய் இருக்கு" என்பார்.

அந்த மூன்றாவது செயலிதான் அவருடைய வகுப்பை மாற்றியது. வாவிக்கரைக் களிமண்ணில் பிள்ளைகள் ஒரு நண்டைச் செய்தார்கள். அதை மேசையில் வைத்து ஒரு படம். அதன் காலை நெல்மணியளவு நகர்த்தி இன்னொரு படம். இப்படி நாள்முழுக்க எடுத்து, மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது நண்டு நேராக முன்னால் நடந்து வளைக்குள் போனது. வகுப்பே கைதட்டியது. பின்வாங்கில் இருந்த ஒரு பையன் மட்டும், "நண்டு அப்பிடி நடக்காது ரீச்சர், பக்கவாட்டாலதான் நடக்கும்" என்றான். ரீச்சர் அவனிடம் போய், "நீ நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார். "நேத்து நான் நண்டப் பாக்கயில்ல, டெப்பத்தான் பாத்தன்" என்றான் அவன். அந்தப் பதில் ரீச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பஸ்ஸில் மூன்று தரம் எனக்குச் சொன்னார். அதன்பின் ஒரு விதி வைத்தார். எதைப் படமாக்குவதென்றாலும் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததை உடம்பால் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் டெப் கையில் வரும்.

இந்த விதிக்கு வேறொரு காரணமும் இருந்ததை நான் சொல்ல வேண்டும். வகுப்பில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். டெப் பத்துத்தான். மின்னேற்றக்கூடிய இடம் அதிபரின் அறையில் மட்டும் இருந்தது, மின்சாரமும் நினைத்தால் வரும். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. ஆகவே ஒரு குழு படம் எடுக்கும்போது மற்றக் குழுக்கள் மருதமரத்தின் கீழ் அடுத்த காட்சியை உடம்பால் பழகும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படம். முதலாவது பிள்ளை காலைத் தூக்கி நிற்கும், இரண்டாவது இன்னும் கொஞ்சம் தூக்கி நிற்கும், மூன்றாவது ஊன்றி நிற்கும். யார் எந்தப் படம் என்பது அவர்களுக்குப் பெயர்போலப் பதிந்திருக்கும்.

டெப்களைப் பூட்டிவைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொன்றுக்கும் துணிப்பை தைப்பித்தேன். அலுமாரியில் ஒன்றோடொன்று முட்டாதபடி அடுக்கினேன். பிள்ளைகள் கொண்டுபோகும்போதெல்லாம் வாசல்வரை பின்னாலே போவேன். ரீச்சர் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சேர் அடைகாக்கிறார். இன்னும் இருபத்தொரு நாளில குஞ்சு பொரிக்கும், பாருங்க." நான் சிரித்தேன், ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. ஒருநாள் ஒன்று விழுந்து கண்ணாடி வெடித்தது. போட்டுடைத்த பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது. ரீச்சர் அந்த டெப்பை வாங்கி, "இது இனி என்ட. எனக்குக் கோடு விழுந்ததுதான் வடிவு" என்று தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு வேறொன்றும் விழவில்லை.

புரட்டாதி மாதத்துக்கு முன்பு அவர்கள் எடுக்கத் தொடங்கிய படம் வீச்சுவலையைப் பற்றியது. அந்த வகுப்பில் இருந்த தனுசிகாவின் தகப்பன் வாவியில் மீன்பிடிப்பவர். பிள்ளைகள் பார்ப்பதற்காக அவர் கரையில் நின்று வலையை வீச வேண்டும், திரும்ப வாரி எடுத்துத் தோளில் போட்டு இன்னொரு தரம் வீச வேண்டும். சில தடவைகளுக்குப் பிறகு அவர் பொறுமையிழந்தார். "என்ன ரீச்சர், மீனில்லாத இடத்தில வல எறியிறன் எண்டு வாற போறவனெல்லாம் சிரிக்கிறான்" என்றார். "மீன் இங்க கரையிலதான் நிக்குது அண்ண, முப்பது மீன். இன்னும் ஒருக்கா எறியிங்க" என்றார் ரீச்சர். அந்த மனிதர் சிரித்துவிட்டு இன்னும் பல தடவை எறிந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் ஒரு செயலுக்குள் எத்தனை நிலைகள் இருக்கின்றன என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். தோள் திரும்புவது முதலா, இடுப்புத் திரும்புவது முதலா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. இடுப்புத்தான் முதல் என்று முடிவானது. நான் வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். அதுவரை எனக்கு அது தெரியாது.

அவரைப் புகழ்வதற்கு மட்டும் எழுதினால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பாடத்திட்டத்தை ஒருநாளும் உரிய காலத்தில் முடித்ததில்லை. தவணை அறிக்கைகளைப் பிந்தித்தான் தருவார், அதிலும் பாதி விடுபட்டிருக்கும். கோபம் வந்தால் அதிபரென்றும் பார்க்க மாட்டார். தரம் ஐந்து என்பது புலமைப்பரிசில் பரீட்சைக்குரிய வகுப்பு. மற்றப் பாடசாலைகளில் பிள்ளைகள் மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருக்கும்போது எங்கள் பிள்ளைகள் களிமண் பிசைந்தார்கள். சில பெற்றோர் முறைப்பட்டார்கள். ஒருவர் தன் மகனை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோனார். அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

அந்த முறைப்பாடு மேலே போனது. டெப்கள் பயன்படாமல் கிடக்கின்றன, பரீட்சைப் பெறுபேற்றில் ஒரு மாற்றமும் இல்லை, அவற்றை நகரத்தில் உள்ள ஒரு பாடசாலைக்கு மாற்றிவிடலாம் என்று கல்வி அலுவலகத்தில் பேச்சு எழுந்தது. அங்கிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து வகுப்பைப் பார்ப்பார், திருப்தியில்லையென்றால் அன்றே ஏற்றிக்கொண்டு போவார் என்று அதிபருக்கு அறிவித்தார்கள். நவராத்திரி முடிந்த பிறகு வருவதாகத்தான் முதலில் சொன்னார்கள். பிறகு, நாளைக்கே வருகிறார் என்று தொலைபேசி வந்தது. வலைப்படம் அப்போது பாதியில் நின்றது.

பாதியில் நின்றதற்குக் காரணம் சரஸ்வதி. பாடசாலை மண்டபத்தில் கும்பம் வைத்து வாணி விழா நடந்துகொண்டிருந்தது. கடைசி மூன்று நாளும் புத்தகங்களைக் கும்பத்தின் முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமியன்று எடுக்கும்வரை தொடக்கூடாது என்பது நம்மிடையே உள்ள வழக்கம். அந்த வருடம் பிள்ளைகள் டெப்களையும் வைக்க வேண்டுமென்றார்கள். அவையும் படிக்கிற சாமான்தானே என்பது அவர்களுடைய வாதம். வெரோனிக்கா ரீச்சர் கத்தோலிக்கர், போர்த்துக்கேய வழிவந்த நகரத்துப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் என்ன சொல்வாரோ என்று நான் யோசித்தேன். "சாமிக்கு முன்னால வைக்கிறதெண்டா அழுக்கோட வைக்கப்படாது" என்று ஒவ்வொன்றையும் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடி வெடித்த தன்னுடையதையும் கொடுத்தார். பிள்ளைகள் பத்து டெப்புக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து அடுக்கினார்கள்.

உத்தியோகத்தர் வரும் காலையில் அதிபர் என்னை அழைத்து, டெப்களை மெதுவாக எடுத்துத் துடைத்து வகுப்பில் வைக்கும்படியும், அவர் போனதும் திரும்ப அடுக்கிவிடலாமென்றும் சொன்னார். அது நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் பட்டது. மண்டபத்துக்குப் போனேன். அன்றைய பூசை தரம் ஐந்தினுடையது. பிள்ளைகள் அவலும் கடலையும் கொண்டுவந்து கும்பத்தைச் சுற்றி இருந்தார்கள். நான் குனிந்தபோது தனுசிகா எழும்பி வந்து, "சேர், அது இப்ப நம்மட இல்ல, சரஸ்வதிட" என்றாள். குரலில் எதிர்ப்பு இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பதுபோலச் சொன்னாள். நான் குனிந்தபடியே நின்றேன்.

அதிபர் பின்னால் வந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். பாடசாலைக்கு வந்த பொருள் தன் காலத்தில் கைவிட்டுப் போகக்கூடாது என்ற கவலை அவருக்கு. வெரோனிக்கா ரீச்சரைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னாப் புள்ளையள் கேக்கும். ஒரு மணித்தியால வேல. உங்களுக்கென்ன ரீச்சர், நீங்க வேதக்காரர், நீங்களே எடுத்தாலும் குற்றமில்ல" என்றார். ரீச்சர் கும்பத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அதாலதான் சேர் நான் தொடமாட்டன். என்ட சாமியெண்டா நான் கேட்டுட்டு எடுப்பன். இது புள்ளையள்ற சாமி."

"அப்ப அவர் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போகப்போறார்."

"போகட்டும். புள்ளையள் வச்சத நான் எடுத்தனெண்டா, நாளைக்கு நான் சொல்லுறத அதுகள் ஏன் நம்பணும்?"

அந்தப் பத்து டெப்களும் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். தவணை விடுமுறைகளில்கூட அவற்றைப் பற்றித்தான் பேசுவார். ஆகவே அந்தப் பதிலைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். அதிபர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். கேற்றடியில் வாகனச் சத்தம் கேட்டது.

உத்தியோகத்தர் பருத்த உடம்புக்காரர், களைத்துப்போய் வந்திருந்தார். அன்று அவருக்கு அது மூன்றாவது பாடசாலையாம். கூட வந்த அதிபரிடம் நிலைமையைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் எதப் பாக்கிறது?" என்றார். "புள்ளையளப் பாருங்க சேர்" என்றார் ரீச்சர். "நான் நாடகம் பாக்க வரயில்ல ரீச்சர்" என்றார் அவர். "வரிசையா நிக்க விடுறன், ஒருக்கா நடந்து பாருங்க. அதுக்கு மறுகா ஏத்துறதெண்டா சரஸ்வதியிட்டக் கேட்டுட்டு ஏத்துங்க" என்றார் ரீச்சர். அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

ரீச்சர் பிள்ளைகளை மருதமரத்தின் கீழ் வரிசையாக நிற்கச் சொன்னார். அவர்கள் நின்றார்கள். முதலாவது பையன் தோளில் வலை கிடப்பதுபோலக் கையை மடித்து நின்றான். அடுத்தவள் இடுப்பை மட்டும் சற்றுத் திருப்பியிருந்தாள். அதற்கடுத்தவன் தோளையும் திருப்பியிருந்தான். இப்படியே போய், கடைசியில் நின்ற பிள்ளைகளின் கைகள் படிப்படியாக விரிந்திருந்தன. உத்தியோகத்தர் ஃபைலைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பரேட் பார்ப்பவர்போல ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து நடந்தார். கடைசிவரை போனபின், "நல்லா நிக்கிறாங்க" என்றார். வரிசையில் இருந்து ஒரு சத்தம் வந்தது: "அப்பிடிப் பாத்தாத் தெரியாது சேர். கெதியா நடக்கணும்." அவர் மறுபடியும் முதலாவது பையனிடம் வந்து, பிள்ளைகளைப் பார்த்தபடி வேகமாக நடந்தார். "இன்னும் கெதியா." பருத்த அந்த மனிதர் ஃபைலை என்னிடம் நீட்டிவிட்டு ஓடினார். அவருக்குப் பின்னால் நானும் பார்த்தபடி ஓடினேன். அப்போது கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான். அந்த ஆள் வலையை வீசினான். வலை விரிந்தது.

ஆனால் நடுவில் ஓரிடத்தில் அது வெட்டி இழுத்தது. அவரும் அதைக் கண்டுகொண்டார். "இதில என்ன, ஒரு துள்ளல் துள்ளுது?" என்றார். அந்தப் படத்துக்குரிய பிள்ளை காய்ச்சலால் வரவில்லை என்றாள் தனுசிகா. பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அதில நில்லுங்க சேர்" என்றாள். அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உத்தியோகத்தர் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் போய்க் கையைத் தூக்கி நின்றுவிட்டார். தனுசிகா சுற்றிவந்து பார்த்தாள். "கை கொஞ்சம் பதிய. இல்ல சேர், முழங்கை. இடுப்ப முதல்ல திருப்புங்க, நீங்க வல எறியிறீங்க, பஸ்ஸ மறிக்கயில்ல." வரிசை முழுவதும் சிரித்தது. அவர் இடுப்பைத் திருப்பினார். பிள்ளை திருத்தத் திருத்த, தனக்குப் பக்கத்தில் நின்றவனின் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

கையை இறக்கிய பிறகு அவர் தனுசிகாவிடம், "இதுக்குப் பிறகு என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"வல தண்ணியில விழும் சேர். அது இன்னும் எடுக்கயில்ல. பூச முடிய எடுப்பம்."

அவர் வேப்பமரத்தடியில் நின்ற தன் வாகனத்தையும் மண்டபத்தையும் பார்த்தார். "எடுத்தா எனக்கும் ஒருக்கா அனுப்புங்க" என்று ரீச்சரிடம் சொன்னார். அவலும் கடலையும் சாப்பிட்டார். தேத்தண்ணி குடித்தார். என்னிடமிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். வாகனம் வெறுமையாகத் திரும்பியது. அதன்பின் டெப்களைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை.

விஜயதசமியன்று ஒரு சிறு கூத்து நடந்தது. வலை விழும் காட்சியை எடுத்துப் பார்த்தால் எல்லாப் படங்களும் மஞ்சளாக, புகைபடிந்து இருந்தன. பழுதாகிவிட்டதென்று நான் கைகால் ஓடாமல் நின்றேன். பிள்ளைகள் பூசிய சந்தனம் படம்பிடிக்கும் கண்ணாடியில் காய்ந்திருந்தது. துடைத்ததும் சரியாகிவிட்டது. மஞ்சள் படங்களை அழிப்போமா என்று கேட்டேன். ரீச்சர் பிள்ளைகளிடம் கேட்டார். விடியற்காலையில் வாவி அப்படித்தான் இருக்கும், அதைத் தொடக்கத்தில் வைப்போம் என்றார்கள். அந்தப் படம் இப்படித்தான் பனிமூட்டத்தோடு தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு நகரத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் எங்கள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். சந்தனத்தின் கதையை ரீச்சர் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஏதாவது விசேட செயலியா என்று அவர்கள் கேட்டபோது, "ஓம், ஊர்ச் செயலி" என்று மட்டும் சொன்னார்.

அவர் ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. நோய் என்று தெரிந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். தன்னைப் பற்றிப் பேசவில்லை. பத்து டெப்களில் எத்தனை இன்னும் வேலை செய்கின்றன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன் அல்லவா. பிறகு விசாரித்தேன். மூன்று வேலை செய்கின்றன. அதைச் சொல்வதற்காக இன்னொரு நாள் போவதென்று இருந்தேன். போகும்முன் தனுசிகாவின் அழைப்பு வந்துவிட்டது.

அவர் பயமறியாதவர் என்று இந்த நாட்களில் பலரும் சொல்லக் கேட்டேன். தேவாலயத்தில் சொன்னார்கள், வீட்டில் சொன்னார்கள். கும்பத்தின் முன்னால் அதிபருக்குச் சொன்ன பதிலை இப்போது பழுகாமத்தில் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அதை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உத்தியோகத்தர் வந்துபோன அன்று மாலையில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் நான்.

அன்று அவர் பேசவில்லை. பட்டிருப்புப் பாலம் வந்தபோது தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். திறக்க முடியவில்லை. இன்னொரு தரம் திருகினார். அப்போதுதான் அவருடைய இரண்டு கைகளும் நடுங்குவதைக் கண்டேன். காலையிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தனவாம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே நின்றாராம். போத்தலை வாங்கித் திறந்து கொடுத்தேன். உத்தியோகத்தர் டெப்களை ஏற்றியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்யிற சேர். உங்களுக்குப் பக்கத்தில இருந்து கல்லடி வருமட்டும் அழுதிருப்பன்" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

இத்தனை காலமும் நான் சொல்லவில்லை. இன்று சொல்வதை அவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன், நிச்சயமாகத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் கூட்டங்களில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தைரியசாலிகள் வேறு விதமாகச் செய்யப்பட்டவர்கள் என்றும், என் கை நடுங்குகிறபடியால் அந்த வேலை எனக்குரியதல்ல என்றும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை அவர் அன்று பாலத்துக்கு மேலே என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நடுங்கிய கைகளைத்தான். இதை எழுதிக்கொண்டுபோய், நல்ல குரலுள்ள ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாமென்று யோசித்திருந்தேன். கொடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் உங்கள் முன்னால் நானே வாசிக்கிறேன். தாள் ஆடினால் ஆடட்டும்.